தரவரிசையில் ஏறினால் ஊடகம் விடுதலை பெற்றுவிடுமா?

(மும்பை மாஹிமில் தமிழ்த் தோழர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பாரிசைத் தலைமையிடமாகக் கொண்ட ‘எல்லைகளற்ற செய்தியாளர்கள்’ அமைப்பு 2002 முதல் உலகப் பத்திரிகைச் சுதந்திரப் பட்டியலை வெளியிட்டு வருகிறது. 180 நாடுகள் கொண்ட இப்பட்டியலில் இந்தியா 2023இல் 161ஆவது இடத்திலும், 2024இல் 159ஆவது இடத்திலும், 2025இல் 151ஆவது இடத்திலும் இருந்தது. இரண்டே ஆண்டுகளில் பத்துப் படிகள் ஏறிவிட்டோம் என்று மகிழலாமா?

மதிப்பெண்களைப் பாருங்கள். 2023இல் நூற்றுக்கு 36.62, 2024இல் 31.28, 2025இல் 32.96. அதாவது, 2024இல் மதிப்பெண் ஐந்துக்கு மேல் சரிந்தபோதே இடம் இரண்டு படி உயர்ந்தது. பிற நாடுகள் நம்மைவிட அதிகமாகச் சரிந்ததே காரணம். வகுப்பே தோற்கும்போது கிடைக்கும் இடம் தேர்ச்சி ஆகாது.

அரசியல் சூழல், சட்டம், பொருளாதாரம், சமூகப் பண்பாடு, செய்தியாளர் பாதுகாப்பு ஆகிய ஐந்து அளவுகோல்களால் இம்மதிப்பெண் கணக்கிடப்படுகிறது. வல்லுநர்களிடம் வினாநிரல் தரப்படுகிறது. தாக்குதல்களும் கைதுகளும் எண்ணப்படுகின்றன. இந்த முறையை ஏற்க முடியாது என்கிறது ஒன்றிய அரசு. தரவரிசையை ஆராய 2020இல் அரசே அமைத்த குழுவில் இடம்பெற்ற பத்திரிகையாளர் பி.சாய்நாத், அதன் வரைவறிக்கையை ஏற்காமல் மறுப்புக் குறிப்பு எழுதினார். அளவுகோலைக் குறைகூறும் அரசு, அளக்கப்படும் நோயை மறைக்கிறது. 2023 அக்டோபர் 3 அன்று நியூஸ்கிளிக் ஆசிரியர் பிரபீர் புர்காயஸ்தா ஊபா சட்டத்தில் கைதானார். அக்கைது செல்லாது என உச்சநீதிமன்றம் 2024 மே 15 அன்று கூறும்வரை அவர் சிறையில் இருந்தார்.

நமது விமர்சனம் வேறு. ஐந்து அளவுகோல்களில் ஒன்றாகப் பொருளாதாரத்தை வைக்கிறது பட்டியல். நாமோ உடைமையே மற்ற நான்கிற்கும் அடித்தளம் என்கிறோம். இதற்குச் சான்று தேட நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. மாஹிம் ரயில் நிலையத்தின் கிழக்கே இறங்கினால் தாராவி. 2022 நவம்பர் இறுதியில், 5,069 கோடி ரூபாய் ஏலக்கேள்வியின் மூலம் தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தில் முன்னிலை பெற்றது அதானி குழுமம். அடுத்த மாதமே என்டிடிவியின் 64 விழுக்காட்டுக்கு மேற்பட்ட பங்குகள் அதே குழுமத்தின் கைக்குச் சென்றன. தாராவித் திட்ட நிறுவனத்தில் அக்குழுமத்திற்கு 80 விழுக்காடு. மகாராஷ்டிர அரசுக்கு 20 விழுக்காடு. வீட்டை இடிப்பவரும், அதை நாட்டுக்குச் செய்தியாகச் சொல்பவரும் ஒரே முதலாளி. இங்கே தணிக்கை உத்தரவு எதற்கு?

2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருந்தோருக்குத்தான் தாராவிக்குள் 350 சதுர அடி இலவச வீடு. பின்னர் வந்தவர்களும் மேல்தளங்களில் வாழ்பவர்களும் தாராவிக்கு வெளியே போக வேண்டும். அவர்களுக்கெனக் குறிக்கப்பட்டவற்றில் முலுண்ட் உப்பளங்களும் தேவ்னார் குப்பைமேட்டு நிலமும் அடங்கும். தோல் பதனிட நெல்லைச் சீமையிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் எத்தனை பேர் மேல்தளங்களில் வாழ்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அவர்கள் குரல் எந்தத் தொலைக்காட்சியில் எத்தனை நிமிடம் ஒலித்தது? எந்தப் பன்னாட்டுப் பட்டியலும் இதை அளப்பதில்லை.

முதலாளியை எதிர்த்து எழுத விரும்பும் செய்தியாளரும் ஒரு தொழிலாளிதான். 1955ஆம் ஆண்டின் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் அவருக்குத் தனிப் பாதுகாப்பும் ஊதிய வாரியமும் தந்தது. புதிய தொழிலாளர் தொகுப்புகள் அச்சட்டத்தை விழுங்கிவிட்டன. ஒப்பந்தம் எப்போது முடியும் என்று அஞ்சுகிறவரிடம் துணிவை மட்டும் எதிர்பார்ப்பது நியாயமன்று. அவர்களது சங்கப் போராட்டம் நமது போராட்டமுமாகும்.

ஆகவே தோழர்களே, நாமே அளக்கத் தொடங்குவோம். ஒவ்வொரு கிளையும் வாரந்தோறும் தமிழ், மராத்தி, இந்தி, ஆங்கில ஏடுகளில் தாராவி பற்றிய செய்திகளைக் குறித்து வைக்கட்டும்: பேசியவர் யார், குடியிருப்போரிடம் கேட்டார்களா, உரிமையாளரின் பங்கு வெளிப்படையாகச் சொல்லப்பட்டதா? அக்கணக்கைத் தெருமுனைக் கூட்டங்களில் வாசிப்போம். அச்சேறாத செய்தியை நமது ஏட்டில் அச்சேற்றுவோம். அந்த ஏட்டை வீடுவீடாகக் கொண்டு சேர்ப்போம்.

செய்தி முதலாளியின் சொத்தன்று, மக்களின் உரிமை.