எல்லாருக்கும் வைத்தியம்: படிப்படியாகவா, ஒரேயடியாகவா?

நான் பத்தாவது வரைக்கும் படிச்ச இல்லத்தரசி. எங்க குழுவில் கணக்கு எழுதறேன்.

முதல்ல ஒரு உண்மையைச் சொல்லிடறனுங்க. 2023-ல் மாட்டுக் கடன்னு சொல்லிக் குழுவில் 50,000 ரூபாய் வாங்கினேன். மாடு வரவே இல்லை. அந்தப் புரட்டாசியில் எங்க மாமனார் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சு போச்சு. ராத்திரி நேரம், பக்கத்தில் இருந்த தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆபரேஷன், மருந்து எல்லாம் சேர்த்து ஒண்ணே முக்கால் லட்சம் ஆச்சு.

காப்பீட்டு அட்டை இல்லையான்னு கேப்பீங்க. வருச வருமானம் 1,20,000-க்குள் இருந்தாத்தான் முதலமைச்சர் காப்பீடு. என் வீட்டுக்காரர் தறி ஓட்டி மாசம் 11,000 கொண்டு வர்றார். வருசத்துக்கு 1,32,000. பன்னிரண்டாயிரத்தில் அட்டை போச்சு. வருமானத்தைக் குறைச்சுச் சொல்ல மனசு வரலை. அப்படிப்பட்ட நான்தான் குழுவில் மாடுன்னு பொய் எழுதினேன். "மாடு எங்க அம்மிணி?"ன்னு ஒரு அக்கா கேட்டப்ப தலை குனிஞ்சு நின்னேன்.

நம்ம மாநிலம் படிப்படியாகத்தான் வந்திருக்கு. அதைக் குறை சொல்ல மாட்டேன். 2008-ல் 108 வண்டி வந்துச்சு. 2009-ல் காப்பீடு வந்துச்சு. முன்னாடி 72,000-ஆக இருந்த வருமான வரம்பு இப்ப 1,20,000. ஒரு குடும்பத்துக்கு வருசம் 5 லட்சம் வரைக்கும் உண்டு. 2021 ஆகஸ்ட் 5-ல் மக்களைத் தேடி மருத்துவம் ஆரம்பிச்சாங்க. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை வீட்டுக்கே வருது. அதைக் கொண்டு வர்ற தன்னார்வலர்கள் நம்ம குழுப் பெண்கள்தானுங்க!

தாய்லாந்தில் வேற மாதிரி செஞ்சாங்க. வேற எந்தத் திட்டத்திலும் இல்லாத எல்லாரையும், வருமானம் பார்க்காமல், ஒரு தடவைக்கு 30 பாட் கட்டினாப் போதும்னு சேர்த்துக்கிட்டாங்க. பாட்ங்கறது அவங்க ஊர்ப் பணம். 2001-ல் ஆரம்பிச்சு 2002-க்குள் நாடு முழுக்க வந்துருச்சு. ஆனால் அதுக்கு முன்னாடியே பல வருசமா கிராமப் பக்கம் ஆஸ்பத்திரி கட்டி, டாக்டர்களை அனுப்பி வெச்சிருந்தாங்க. நாம நாளைக்கே எல்லாருக்கும் அட்டை கொடுத்தாலும், பர்கூர் மலைக்கும் கடம்பூர் மலைக்கும் நர்சும் மருந்தும் வண்டியும் போகலீன்னா அட்டையை வெச்சு என்ன பண்றதுங்க?

அதனால் என் கருத்து இதுதான். கட்டடம், டாக்டர், நர்ஸ் எல்லாம் படிப்படியாகத்தான் வரும். அதுக்குப் பொறுத்துக்கலாம். ஆனா உனக்கு உண்டு, உனக்கு இல்லைன்னு நடுவுல போட்ட கோட்டை ஒரேயடியாக அழிச்சுடலாம். விழுந்த எலும்புக்கு வருமானச் சான்று தெரியாதுங்க. அதை ஒரேயடியாக முடியாதுன்னா, வெளியில் நிக்கறவங்களை எந்த வருசம் சேர்ப்பீங்கன்னு ஒரு தேதியாவது சொல்லணும்.

நம்ம கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோள். இனிமேல் வைத்தியத்துக்கு வாங்கற கடனை வைத்தியம்னே தீர்மானப் புத்தகத்தில் எழுதுவோம். மாடு, தறின்னு மறைக்க வேண்டாம். வருசக் கடைசியில் எல்லாக் குழுவிலும் கூட்டிப் பார்த்தா, நம்ம ஊராட்சி ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு கொட்டுதுன்னு தெரிஞ்சுடும். அந்தக் கணக்கை அக்டோபர் 2 கிராம சபையில் வெச்சுத் தீர்மானம் கேப்போம்.

என் கடனில் இன்னும் ஏழு தவணை பாக்கி. எங்க குழுப் புத்தகத்தில் மாடுங்கறதை அடிச்சுட்டு, மாமனார் ஆபரேஷன்னு என் கையாலேயே எழுதிட்டேன்.