பகா எண்ணாய் வேடமிடும் பகு எண்கள்

ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும் 7, 13, 19 போன்றவை பகா எண்கள். அவற்றைப் பெருக்கிப் பெறுபவை பகு எண்கள். இம்மூன்றின் பெருக்கமான 1729, இராமானுசன் பெயரோடு ஒட்டிக்கொண்ட எண். இரு கனங்களின் கூட்டலாக அது இரண்டு வகையில் அமையும் செய்தி, வாடகைக் கார்க் கதையோடு சேர்த்துப் போதிய அளவுக்கு மேலேயே சொல்லப்பட்டுவிட்டது. எண்ணியலின் நோக்கில் அதனினும் கனமான இயல்பொன்று அந்த எண்ணுக்கு உண்டு.

இரண்டை ஏழு முறை எழுதிப் பெருக்கினால் 128 வரும். அதில் 2 போக எஞ்சும் 126, ஏழால் மீதியின்றி வகுபடும். எந்தப் பகா எண்ணுக்கும், எந்த முழு எண்ணை எடுத்தாலும் இவ்வாறே நிகழும் என்பது பிரெஞ்சு அறிஞர் பெர்மா 1640-இல் கூறிய விதி. பகு எண்கள் பெரும்பாலும் இச்சோதனையில் பிடிபட்டுவிடும். ஆனால் எதை வைத்துச் சோதித்தாலும் பிடிபடாதவை சில உண்டு. 1910-இல் அவற்றை ஆராய்ந்த அமெரிக்கர் கார்மைக்கேலின் பெயரை அவை பெற்றுள்ளன. செக் நாட்டு ஷிமெர்கா 1885-லேயே முதல் ஏழையும் பட்டியலிட்டிருந்தும் பெயர் அவருக்கு வாய்க்கவில்லை. 561, 1105 ஆகியவற்றை அடுத்து வரும் மூன்றாம் கார்மைக்கேல் எண்ணே 1729.

இத்தகைய எண்ணின் அடையாளத்தை ஜெர்மானியரான கோர்செல்ட் 1899-இல் வகுத்தார்: பகு எண்ணின் பகாக் காரணிகளுள் எதுவும் இருமுறை வரலாகாது, ஒவ்வொரு காரணியிலும் ஒன்றைக் கழித்து வருவது, அந்த எண்ணில் ஒன்றைக் கழித்து வருவதை மீதியின்றி வகுக்க வேண்டும். 1728-ஐ 6, 12, 18 மூன்றும் அவ்வாறே வகுக்கின்றன.

தற்செயலாகக் கிடைக்கும்வரை காத்திராமல் இவ்வெண்களைக் கட்டியெழுப்பும் வழியை ஹங்கேரியரான ஏர்டோஷ் 1956-இல் காட்டினார். அதன் அடித்தளத்தில் இராமானுசனின் இன்னொரு கண்டுபிடிப்பு நிற்பதுதான் வியப்பு. தன்னிலும் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு மிகுதியான காரணிகளைக் கொண்ட எண்களைப் பற்றி அவர் 1915-இல் விரிவாக எழுதினார். 16 காரணிகளை உடைய 120 அவற்றுள் ஒன்று. வண்டிப்பெரியார்த் தோட்டமொன்றில் 120 சாக்குக் கொழுந்து சேர்ந்தால், ஒரு சாக்கும் மிஞ்சாமல் அதைச் சமபங்குகளாக்க 16 வழிகள் உண்டு என்பதே இதன் பொருள். ஒன்றைக் கழித்தால் 120-இன் காரணியாகிவிடும் பகா எண்களை, 120-ஐயே வகுக்கும் 2, 3, 5 நீங்கலாகத் திரட்டினால் 7, 11, 13, 31, 41, 61 என ஆறு கிடைக்கும். இவற்றுள் சிலவற்றின் பெருக்கத்தை 120-ஆல் வகுக்க மீதி 1 வந்தால், அப்பெருக்கம் கார்மைக்கேல் எண்ணாகிவிடும். 7, 11, 13, 41 தரும் 41041 அத்தகையது; 7, 13, 31, 61 தரும் 172081-உம் அத்தகையதே.

இந்த வழியைப் பெரிதாக்கியே, கார்மைக்கேல் எண்களுக்கு முடிவில்லை என்பதை ஆல்ஃபோர்ட், கிரான்வில், பொமரன்ஸ் மூவரும் நிறுவினர். அவர்களது கட்டுரை 1994-இல் வெளிவந்தது. அந்த ஆறு பகா எண்களிலிருந்து மேலும் ஒரு கார்மைக்கேல் எண்ணும் பிறக்கிறது. தாளும் பென்சிலும் கைக்கெட்டும் நேயர்கள் 11, 31, 41, 61 ஆகியவற்றைப் பெருக்கி, 120-ஆல் வகுத்துப் பார்க்கலாம்.