மழைத் தோட்டமும் மானியமும்

கட்டடத் திறப்பு விழாக்களுக்கு எனக்கு எத்தனையோ அழைப்பிதழ்கள் வந்திருக்கின்றன. கட்டி முடித்த ஒன்றைத் தூர் வாரித் துப்புரவு செய்யும் நாளுக்கென்று ஓர் அழைப்பிதழ்கூட இதுவரை வந்ததில்லை. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. புதியதைக் கட்டுவதில் உள்ள பெருமை, கட்டியதைக் காப்பதில் இல்லை என்று உலகம் எண்ணுகிறது. பெருமை செல்லும் இடத்துக்கே பணமும் செல்கிறது. இவ்வழக்கத்தால் ஒரு மாநகரம் படும் பாட்டையும், அது தேடிக்கொண்ட வழிகளையும் பற்றி இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன்.

அமெரிக்க நாட்டின் கிழக்குப் பகுதியில் உள்ள பிலடெல்பியாவே அந்நகரம். டெலாவேர், ஸ்கூல்கில் என்னும் இரண்டு ஆறுகள் அதன் வழியே செல்கின்றன. நகர மக்கள் பருகும் நீர் இவ்விரண்டு ஆறுகளிலிருந்தே எடுக்கப்படுகிறது. ஆகவே, ஆற்றில் என்ன கலக்கிறது என்பது அவர்களுக்கு உயிர்நிலையான கேள்வி.

அந்நகரில் ஏறத்தாழ நூற்றுக்கு அறுபது பங்கு இடத்தில், வீட்டுக் கழிவுநீருக்கும் தெருவில் ஓடும் மழைநீருக்கும் ஒரே குழாய்தான் உண்டு. மழையில்லாத நாட்களில் அக்குழாய் கழிவுநீரை ஒழுங்காகச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேர்த்துவிடுகிறது. பெருமழை பெய்தாலோ குழாய் கொள்ளுவதில்லை. மிஞ்சிய நீர், மழையும் மலமும் கலந்தபடியே ஆறுகளிலும் ஓடைகளிலும் விழுகிறது.

இதற்குப் பரிகாரம் என்ன? பூமிக்கடியில் பெரிய சுரங்கங்கள் தோண்டி, மிஞ்சும் நீரைத் தேக்கிவைப்பது ஒரு வழி. பிலடெல்பியா பெரும்பாலும் வேறு வழியை மேற்கொண்டது. 2011-ஆம் ஆண்டில், ‘பசுமை நகரம், தூய நீர்’ என்னும் பெயரால் 25 ஆண்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கிற்று. மழை விழுந்த இடத்திலேயே அதை மண்ணுக்குள் இறக்கிவிட வேண்டும் என்பதே அதன் கருத்து. நடைபாதைக்குக் கீழே பள்ளம் பறித்துக் கற்களை நிரப்பி, மேலே மரம் நடுகிறார்கள். தெருவில் ஓடிவரும் நீர் ஒரு வாய் வழியாக உள்ளே நுழைந்து, கற்களின் இடுக்குகளில் தங்கி, மெல்ல மண்ணில் ஊறுகிறது. பள்ளிக்கூட முற்றங்களிலும் பூங்காக்களிலும் மழைத் தோட்டங்கள் அமைக்கிறார்கள்.

ஒரு கணக்குச் சொல்லுகிறேன். தளம் பாவிய ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அங்குல மழை பெய்தால், அந்நீர் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் ஆகிறது. அவ்வளவு நீரைச் சாக்கடைக்கு உடனே விடாமல் ஏற்றுக்கொள்ள வசதி செய்துவிட்டால், அதை ஒரு ‘பசுமை ஏக்கர்’ என்று கணக்கிடுகிறார்கள். 25 ஆண்டுகளில் இப்படி ஏறத்தாழ 9,500 ஏக்கர் ஆக்குவது அவர்கள் மேற்கொண்ட இலக்கு.

இங்கேதான் சங்கடம் பிறக்கிறது. தோட்டம் உயிருள்ள பொருள். ஓராண்டு கவனியாமல் விட்டால் களை மண்டிவிடும். இலையும் குப்பையும் சேர்ந்து நீர் நுழையும் வாயை அடைத்துவிடும். தெருவின் வண்டல் கற்களின் இடுக்குகளில் படிந்துவிடும். அப்போதும் மரம் பச்சையாகவே நிற்கும். வழிப்போக்கர் கண்டு மகிழ்வார்கள். மழைநீரோ அதைத் தொடாமல் பழையபடி சாக்கடைக்குப் போய்க்கொண்டிருக்கும். கெட்டுப்போனது கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதே இதில் உள்ள பெரிய அபாயம்.

அதனால்தான் கண்காணிப்பு வேண்டும். கற்பள்ளத்துக்குள் ஒரு குழாயை இறக்கி, அதில் நீர்மட்டத்தை அளக்கும் கருவி ஒன்றை வைக்கிறார்கள். மழை பெய்தும் மட்டம் உயரவில்லையென்றால், வாய் அடைத்திருக்கிறது என்று ஐயுறலாம். உயர்ந்த மட்டம் நெடுநேரம் இறங்கவில்லையென்றால், நீர் மண்ணில் ஊறவில்லை என்று அறியலாம். மழைக்காகக் காத்திராமல், தீயணைக்கும் குழாயிலிருந்து அளந்து நீரைவிட்டுச் சோதிப்பதும் உண்டு. மருத்துவர் நாடி பார்ப்பது போன்ற வேலை இது. நாடி பார்ப்பவருக்கும் களை பறிப்பவருக்கும் ஆண்டுதோறும் ஊதியம் வேண்டுமே! அதை யார் தருவது?

1972-ஆம் ஆண்டு அமெரிக்க நீர்த் தூய்மைச் சட்டம், சுத்திகரிப்பு நிலையம் கட்டும் செலவில் நூற்றுக்கு எழுபத்தைந்து வரை மத்திய அரசு மானியமாகத் தர இடம் கொடுத்தது. 1987-ஆம் ஆண்டுத் திருத்தத்தால், மானியத்தின் இடத்தில் கடன் நிதி வந்தது. மானியமானாலும் கடனானாலும் அது கட்டுவதற்கே உரியது. அன்றாடப் பராமரிப்புக்கு உரியதன்று. நகரமும் சும்மா இருக்கவில்லை. வண்டிகள் நிறுத்தும் திடல் ஒன்று குடிக்கும் நீர் சிறிது. அது சாக்கடைக்கு அனுப்பும் மழைநீரோ மிகுதி. எனவே 2010 முதல், குடியிருப்பு அல்லாத மனைகளிடம், தளம் பாவிய பரப்பை அளவாகக் கொண்டு மழைநீர்க் கட்டணம் வாங்கும் முறையைப் படிப்படியாகக் கொணர்ந்தது. ஆயினும் அவ்வருவாய்க்குக் காத்திருக்கும் செலவுகள் பல.

ஆகவே மானியங்கள் வேறு வாயில்களின் வழியே வந்தன. ஆராய்ச்சி என்னும் வாயில் ஒன்று. 2014-இல், மத்தியச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம், பிலடெல்பியாவின் பசுமைப் பணிகளை ஆராய்வதற்காக ஐந்து உயர்கல்வி நிலையங்களுக்கு ஏறக்குறைய 50 லட்சம் டாலர் வழங்கிற்று. இளைஞர் பயிற்சி என்பது மற்றொரு வாயில். 2013-இல் தொடங்கிய ‘பவர்கார்ப்ஸ்’ என்னும் அமைப்பு, அமெரிக்காவின் தேசியத் தொண்டு நிதியின் துணையோடு, வேலையற்ற இளைஞர்களுக்கு ஊதியமும் பயிற்சியும் அளித்து, இம்மழைத் தோட்டங்களைப் பேணும் பணியில் ஈடுபடுத்திற்று. இவை தவிர, தத்தம் பகுதித் தோட்டங்களைத் துப்புரவாக வைத்திருக்கும் ஊர்ச் சங்கங்களுக்கு நகரமே சிறு மானியம் கொடுக்கும் ஏற்பாடும் உண்டாயிற்று.

இவற்றை நான் பாராட்டுகிறேன். எனினும் ஒன்று சொல்லவேண்டும். மானியம் இரண்டு மூன்று ஆண்டுகளில் தீர்ந்துவிடும். தோட்டமோ பல்லாண்டு வேலை செய்யவேண்டும். மானியத்தை விதைநெல்லாகக் கொள்ளலாம். அன்றாடச் சோறாக நம்பக்கூடாது. கேட்பவர், ‘இப்பணம் தீர்ந்த மறு ஆண்டில் இதைக் காப்பவர் யார்?’ என்பதற்கும் விடை எழுதித் தரவேண்டும். கொடுப்பவரும் அவ்விடையைக் கேட்டு வாங்கவேண்டும்.

அளந்து பார்ப்பதற்குத் துணிவும் வேண்டும். அளவு நமக்குச் சாதகமாகவே வரும் என்று சொல்ல முடியாது. பிலடெல்பியா தன் திட்டத்தை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மதிப்பிட்டு, கண்ட குறைகளுக்கேற்பத் திருத்திக்கொள்ள உடன்பட்டிருக்கிறது. நட்ட மரங்களின் தொகையைச் சொல்லுவது எளிது. மண்ணில் இறங்கிய நீரின் அளவைச் சொல்லுவதற்குத்தான் கருவியும், ஆளும், நேர்மையும் வேண்டும். அந்தக் கணக்கைக் காட்டும் நகரமே அடுத்த மானியத்தைத் தலைநிமிர்ந்து கேட்க முடியும்.

மாணவ நண்பர்களே! உங்களில் சிலர் நாளை பொறியாளர் ஆவீர்கள். சிலர் கணக்கர் ஆவீர்கள். சிலர் நகரசபையில் உறுப்பினராகவும் அமர்வீர்கள். ஏதேனும் ஒரு திட்டத்தின் மதிப்பீடு உங்கள் மேசைக்கு வரும். அப்போது, கட்டும் செலவுக்குக் கீழே காக்கும் செலவு என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், அவ்வரியை எழுதுவித்த பிறகே கையொப்பம் இடுங்கள்.