முதல் நாள் பயிற்சி

இந்த வருசம் நம்மில் சில பேர் பயிற்றுநரா வேற ஊர்க் குழுக்களுக்குப் போறாங்க. முதல் நாளைப் பத்திப் பேசச் சொன்னாங்க.

கொஞ்சம் முன்னாடியே போயி, பாய் விரிக்கக் கை கொடுங்க. நாற்காலி போட்டாலும் வேண்டாம், வட்டமா கீழேயே உட்காருங்க. நம்ம பேரும் ஊரும் சொன்னா போதும், அவங்க பேரை மனசுல வச்சுக்கோங்க.

பஞ்ச சூத்திரம் அஞ்சையும் அன்னைக்கே ஒப்பிச்சா யாருக்கும் ஏறாது. யாரையும் எழுந்து படிக்கச் சொல்லாதீங்க. கைநாட்டு வைக்கிற அக்கா ஒருத்தர் இருப்பாங்க. அவங்க கூச்சப்பட்டுப் போனா அடுத்த வாரம் வரமாட்டாங்க. பயிற்சி ரொம்பத் தேவைப்படுறதே அவங்களுக்குத்தான்.

நான் ஒரு கணக்குத்தான் கேட்பேன். 10,000 ரூபாய் கடன், மாசம் நூத்துக்கு 1 ரூபாய் வட்டி. முதல் மாசம் வட்டி 100, அசல்ல 1,000 கட்டியாச்சு. அடுத்த மாசம் வட்டி எவ்வளவு? நூறுன்னு சில பேர் சொல்வாங்க. மீதி 9,000 ரூபாய்க்கு 90 தானே! "எங்ககிட்ட நூறே வாங்குறாங்களே"ன்னு ஒரு குரல் வந்தா, எல்லாரும் ஊக்குநர் முகத்தைப் பார்ப்பாங்க. அங்கேதான் ஜாக்கிரதை. யாரையும் திருடி மாதிரி நிக்க வைக்கக் கூடாது. தெரியாமலும் அப்படி எழுதியிருக்கலாம் இல்லையா? "கடன் பேரேட்டை எடுங்க, எல்லாரும் சேர்ந்து பார்ப்போம்"னு சொல்லுங்க.

சொசைட்டிக்குப் பால் ஊத்துற நேரத்துக்கு முன்னாடி முடிச்சிடுங்க. பேரேட்டுல பாதிப் பக்கம் பாக்கி இருந்தாலும் அடுத்த வாரம் பார்த்துக்கலாம்.