மைதானத்தின் கதவு

(பங்கின் ஜூபிலி விழாவையொட்டி பங்குத்தந்தை ஆற்றிய உரை)



ஜூபிலி என்றதும் கொடியேற்றமும் தேர்ப்பவனியும் வாணவேடிக்கையும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் பழைய ஏற்பாட்டில் லேவியர் ஆகமம் 25ஆம் அதிகாரத்தைப் புரட்டினால், ஐம்பதாம் ஆண்டில் நிலத்தை இழந்தவனுக்கு நிலம் திரும்ப வேண்டும், அடிமைப்பட்டவன் தன் குடும்பத்தாரிடம் திரும்ப வேண்டும் என்பதே ஜூபிலியின் சட்டம் என்பதைக் காண்போம். திருப்பிக் கொடுக்க நம் பங்கிடம் வயல் இல்லை. கோவிலையொட்டி ஒரு மைதானம் இருக்கிறது. அதைப்பற்றியே இன்று பேச விழைகிறோம்.

ஆண்டுதோறும் திருவிழாவையொட்டி விளையாட்டுப் போட்டிகள் நடத்துகிறோம். பரிசு வாங்க மேடைக்கு வருவோரைப் பாருங்கள். பெரும்பாலும் அதே குடும்பங்கள்! அணுசக்தித் துறைக் குடும்பங்கள் வாழும் நம் அணுபுரத்தில் பிள்ளைகளுக்குச் சைக்கிள் உண்டு, காலணி உண்டு, மாலையில் ஓடியாட நேரமும் உண்டு. சுற்றுப்புற ஊர்களின் கூலி வேலை செய்வோர் பிள்ளைகளும், இருளர் குடியிருப்புப் பிள்ளைகளும் வேலிக்கு வெளியே நின்று, எல்லை தாண்டி வரும் பந்தை எடுத்து வீசுகிறார்கள். அவர்களை நாம் யாரும் "வராதே" என்று சொன்னதில்லை. "வா" என்றும் சொன்னதில்லையே!

பந்தை எடுத்துத் தர ஒருவன் வேண்டும், கூட உட்கார அவன் வேண்டாம் என்பது இந்நாட்டில் பழைய கதை. பல்வங்கர் பாலு என்ற தாழ்த்தப்பட்ட வகுப்பு வாலிபர், புனே நகரில் வெள்ளைக்காரர் சங்கத்தின் மைதானப் பணியாளராக இருந்து, அவர்களுக்குப் பந்து வீசியே பெரும் சுழற்பந்து வீச்சாளரானார். 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் நூறுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஆயினும் இந்து அணியில் ஆடத் தொடங்கிய நாட்களில், தேநீர் வேளையில் அவருக்கு மட்டும் மண் குவளையில், அதுவும் வெளியே வைத்துத் தந்தார்கள். அவர் தொட்ட பந்தைத் தொட்டவர்கள் அவர் தொட்ட கோப்பையைத் தொடவில்லை! அணித்தலைவர் பதவி அவருக்குக் கிட்டவேயில்லை. அவருடைய தம்பி விட்டலுக்குத்தான் 1923இல் கிட்டியது.

இனி நம் கடற்கரைக்கு வருவோம். மாமல்லபுரத்திற்கு வடக்கே, கார்மேல் அன்னை ஆலயம் உள்ள கோவலத்தை அறியாதார் நம்மில் யார்? அவ்வூர் மீனவர் மூர்த்தி மேகவன், சிறு வயதில் மரப்பலகையை வைத்துக்கொண்டு அலைமேல் சறுக்கி விளையாடியவர். வெளிநாட்டார் சறுக்குப் பலகையோடு வந்தபோதுதான் தாம் ஆடியதற்கு உலகில் ஒரு பெயர் உண்டு என்று அறிந்தார். பின்னர் அருண் வாசு முதலிய நண்பர்களின் துணையோடு 2012இல் 'கோவலம் பாயின்ட்' என்ற அலைச்சறுக்குப் பள்ளியைத் தொடங்கினார். மீனவர் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் நிபந்தனை உண்டு: பள்ளிக்கூடம் போக வேண்டும், குடியும் புகையும் கூடாது. நம் மறையுரைகளைவிட அந்தப் பலகை சில வாலிபரிடம் அதிகம் சாதித்திருக்கும் என்று தோன்றுகிறது. அதில் நமக்கு வருத்தமில்லை.

அப்பிள்ளைகளுக்குக் கடல் இருந்தது. நீச்சலும், கட்டுமரத்தில் நிற்கும் கால்பலமும் பிறவியிலேயே வந்தவை. விலை உயர்ந்த பலகையும், கற்றுத்தர ஓர் ஆளும், "போய் வா" என்று சொல்லும் பெற்றோருமே இல்லாதிருந்தன. இம்மூன்றும் கிடைத்ததும் மீனவக் குப்பத்து வாலிபர் தேசியப் போட்டிகளில் பரிசு பெறத் தொடங்கினர். 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியே மாமல்லபுரத்தில் நடந்தது.

பெண்பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாமல்லபுரத்துச் சிறுமி ஒருத்தி சக்கரப் பலகையில் சறுக்குவதைக் காட்டும் 'கமலி' என்ற குறும்படம் 2020இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுப் போட்டியில் இடம்பெற்றது. நம் பங்கிலோ, பூப்பெய்தியதும் பெண்பிள்ளையின் ஆட்டம் நின்றுவிடுகிறது. தாய்மார்களே, இதைத் தடுத்தது பங்குச்சாமியார் அல்ல!

மைதானத்தைத் திறந்துவிட்டால் கூச்சல் அதிகமாகும், படிப்புக் கெடும், பொருள் தொலையும் என்று சிலர் நம்மிடம் வந்து சொன்னார்கள். கூச்சல் அதிகமாகும் என்பது உறுதி. தொன் போஸ்கோ தூரின் நகரத்தில் கொத்துவேலைச் சிறுவரையும் தெருப்பிள்ளைகளையும் சேர்த்தபோது, அக்கம்பக்கத்தார் இரைச்சல் தாங்காமல் அவரை இடம் இடமாக விரட்டினார்கள். 1846இல் வால்டோக்கோவில் ஒரு கொட்டகை கிடைத்தது. அதில் சிற்றாலயம், அதையொட்டி விளையாட்டுத் திடல். பூசையும் பந்தும் ஒரே வளாகத்தில்! சலேசிய சபை அங்கிருந்துதான் உலகெங்கும் பரவியது. 1906இல் நம் தஞ்சாவூருக்கும் வந்தது.

புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதுகையில் ஓட்டப்பந்தயத்தை உவமையாகக் கூறுகிறார். அந்நகருக்கு அருகே இஸ்துமியப் போட்டிகள் நடந்துவந்ததால் கேட்டவர்களுக்கு அது எளிதில் விளங்கியது. ஓட இடமில்லாத பிள்ளைக்கு அவ்வாசகத்தை நாம் எப்படி விளக்குவது?

ஆகவே பங்குப்பேரவையோடு கலந்து சில முடிவுகள் செய்திருக்கிறோம். ஜூபிலி விளையாட்டுகளுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. காலணியும் சீருடையும் கட்டாயமில்லை. (கபடிக்குக் காலணி எதற்கு என்று சென்ற ஆண்டே ஒரு பெரியவர் கேட்டார், பதில் சொல்ல ஆளில்லை.) அணிகளை ஊர்வாரியாகவோ அன்பியவாரியாகவோ பிரிக்காமல், சீட்டுப் போட்டுக் கலந்து அமைப்போம். எல்லாரும் ஒரே பானையில் தண்ணீர் குடிப்பார்கள். எந்த மதத்துப் பிள்ளையானாலும் வரலாம். ஞானஸ்நானச் சான்று கேட்க மாட்டோம். சனிக்கிழமை மாலை 4 முதல் 6 மணிவரை மைதானம் பெண்பிள்ளைகளுக்கு மட்டுமே. கைக்குழந்தையான தம்பி தங்கையைத் தூக்கி வருகிறவர்களுக்காக மரியாயின் சேனைத் தாய்மார் இருவர் நிழலில் அமர்ந்து பார்த்துக்கொள்வார்கள்.

2024 முதல் தமிழக அரசு கிராம ஊராட்சிகளுக்குக் கலைஞர் விளையாட்டு உபகரணங்களை வழங்கியிருக்கிறது. நல்ல காரியம். ஆனால் எந்தப் பந்தும் பெட்டிக்குள் இருக்கும்வரை பந்தல்ல. நம் பங்கில் பந்தும் வலையும் வைத்துள்ள அலமாரியின் சாவி இதுவரை அறைவீட்டில் தொங்கியது. வருகிற ஞாயிறு முதல் அது இரண்டு பிள்ளைகளிடம் இருக்கும். ஒருவர் குடியிருப்பிலிருந்து, மற்றவர் வேலிக்கு வெளியேயிருந்து. இருவரையும் பிள்ளைகளே தேர்ந்தெடுப்பார்கள். பெயர் கொடுக்க விரும்புவோர் இரண்டாம் பூசைக்குப்பின் உபதேசியாரிடம் வரலாம்.