சர்க்கஸ் கூடாரமும் நம் கல்யாணப் பந்தலும்

(பெங்களூர் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பேரன் பேத்தியை சர்க்கஸுக்கு அழைத்துப் போன விஷயத்தைப் பேசப்போகிறேன் என்று செயலாளரிடம் சொன்னேன். "மாமா, அதில் பேச என்ன இருக்கிறது?" என்றார். இருக்கிறது.

பிள்ளை, மாட்டுப்பெண், குழந்தைகள், நாங்கள் இருவர், ஆக ஆறு பேர் போனோம். உட்கார்ந்ததுமே பேரன், "தாத்தா, சிங்கம் எப்போ வரும்?" என்றான். வராது. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் இவற்றை வித்தைக்குப் பழக்கக் கூடாதென்று 1998-ல் மத்திய அரசு தடை போட்டது. சர்க்கஸ்காரர்கள் வழக்காடினார்கள். கேரள உயர் நீதிமன்றம் 2000-லும், உச்ச நீதிமன்றம் 2001-லும் தடை செல்லும் என்று சொல்லிவிட்டன. சிங்கமில்லாத சர்க்கஸ் உப்பில்லாத சாதம் என்று என் வயதுக்காரர்கள் அலுத்துக்கொள்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தரத்தில் ஒரு பெண் ஊஞ்சலை விட்டு எதிரே வருபவரின் கையைப் பிடிக்கும் அந்த ஒரு க்ஷணத்துக்கே கொடுத்த காசு சரியாகிவிட்டது.

1880-ல் பம்பாயில் விஷ்ணுபந்த் சாத்ரே தொடங்கியதைத்தான் முதல் இந்திய சர்க்கஸ் என்பார்கள். இந்த உடல் வித்தையை வளர்த்ததோ நமக்குப் பக்கத்துத் தலச்சேரி. களரி ஆசான் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் 1901-ல் அங்கே சர்க்கஸ் பள்ளியே வைத்தார்.

பேரன் சிங்கத்தைத் தேடினான். நான் வெளியே போகும் வழியைத் தேடினேன். ஏன் என்று இந்த ஊரில் பல காலமாக இருப்பவர்களுக்குத் தெரியும். 1981 பிப்ரவரி 7, சனிக்கிழமை. பெங்களூரில் வீனஸ் சர்க்கஸ் கூடாரம் தீப்பற்றியது. தீயிலும் நெரிசலிலுமாக 92 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் குழந்தைகள். நம்மைப் போலவே, குடும்பத்தோடு பொழுதைச் சந்தோஷமாகக் கழிக்க வந்தவர்கள்.

கூடாரத் தீ மற்றத் தீயைப் போல அல்ல. தலைக்கு மேலே துணி, நாலு பக்கமும் துணி. மேலே பற்றினால் எரிகிற துண்டுகள் ஜனங்கள் மேலேயே விழும். 1944 ஜூலை 6-ல் அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு நகரில் இதுதான் நடந்தது. மழைத் தண்ணீர் இறங்காதிருக்கக் கூடாரத் துணிக்குப் பெட்ரோலில் கரைத்த மெழுகைப் பூசியிருந்தார்கள். மிருகங்கள் வந்து போகும் கம்பிக்கூண்டுப் பாதை ஜனங்களின் வழியை மறித்துக்கொண்டிருந்தது. 160-க்கும் அதிகமானோர் போனார்கள். இன்னொன்று கவனிக்க வேண்டும்: ஆபத்து என்றதும் மனிதன் தான் வந்த வாசலுக்கே ஓடுவான். பக்கத்திலேயே வேறு வழி இருந்தாலும் கண்ணில் படாது.

அதனால்தான் மாட்டுப்பெண்ணிடம், "நடுவில் வேண்டாம் அம்மா, ஓரத்தில் உட்காருவோம்" என்றேன். குழந்தைகளுக்கு இரண்டு வாசலையும் காட்டிவிட்டு, பிறகு நிம்மதியாகக் கோமாளியைப் பார்த்துச் சிரித்தேன்.

சர்க்கஸுக்கு வருஷத்தில் ஒரு நாள் போவோமா? கல்யாணம், உபநயனம், சஷ்டியப்தபூர்த்தி என்று பந்தலுக்கு எத்தனை நாள் போகிறோம்! 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் கல்யாணப் பந்தல் எரிந்து, மாப்பிள்ளை உட்பட எத்தனையோ பேர் போனதை மறக்க முடியுமா? அதே வருஷம் ஜூலை 16-ல் கும்பகோணத்தில் கீற்றுக்கூரைப் பள்ளியில் 94 குழந்தைகள். இப்போது கீற்று குறைந்து நைலான் ஜரிகைத் துணி வந்திருக்கிறது. அது உருகிச் சொட்டும். அதற்கு நேர் கீழேதான் நாம் ஹோமம் வளர்த்து நெய் விடுகிறோம். சமையற்காரர் கேஸ் சிலிண்டரைப் பின்கதவிலேயே அடுக்குகிறார். பக்கவாட்டுக் கதவைப் பூட்டி, அதன் முன்னால் சீர்வரிசைத் தட்டுகளைப் பரப்பிவிடுகிறோம்.

அடுத்த மாதம் நமது கிளையின் சமஷ்டி உபநயனம் வருகிறது. பந்தல் பொறுப்பை ஏற்றிருப்பவர்கள் இன்று காபி சாப்பிட்டதும் சற்று இருக்க வேண்டும். ஹோம குண்டத்துக்கு மேலே துணி கட்டாமலிருப்பது, மண் வாளி எங்கே வைப்பது, பின்கதவுச் சாவி யார் கையில் இருப்பது, இந்த மூன்றையும் இன்றே பேசி முடித்துவிடலாம்.