சகோதரியின் பங்கு எங்கே?

 

 

உலகெங்கும் பெண்களுக்கு இழைக்கப்படும் அநீதியைப் பற்றிப் பேச்சு எழுந்தால், நம் கண்கள் உடனே தூர தேசங்களைத் தேடிப் போய்விடுகின்றன. அங்கே அடிக்கிறார்கள், இங்கே எரிக்கிறார்கள் என்று செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுப் பெருமூச்சு விடுகிறோம். இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது சத்தமே எழுப்பாத ஓர் அநீதி. அதில் இரத்தம் சிந்துவதில்லை. யாரும் காவல் நிலையம் போவதில்லை. பத்திரப் பதிவு அலுவலகத்தில், முத்திரைத்தாளில், இரண்டு சாட்சிகளின் கையெழுத்தோடு அது நடந்து முடிந்துவிடுகிறது. பெற்றோர் விட்டுச்சென்ற சொத்தில் பெண்மக்களுக்கு அல்லாஹ் விதித்த பங்கை மறுப்பதைத்தான் சொல்கிறேன்.

ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு நடந்த உஹதுப் போரில் ஷஹீதானவர்களில் ஸஅத் பின் ரபீஃ (ரலி) ஒருவர். அவருக்கு ஒரு மனைவி, இரண்டு பெண்மக்கள். ஆண்மகன் இல்லை. அன்றைய அரபு நாட்டு வழக்கப்படி, வாள் ஏந்திப் போரிடும் ஆண்களுக்கே சொத்து. எனவே ஸஅதுடைய சகோதரர் வந்து, இருந்த அனைத்தையும் எடுத்துக்கொண்டார். அந்தத் தாய் இரண்டு சிறுமிகளையும் அழைத்துக்கொண்டு அண்ணலார் (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டார். இவர்களுடைய தந்தை உங்களோடு நின்று உயிர் நீத்தவர். சிறிய தந்தையோ ஒன்றும் மீதம் வைக்கவில்லை. பொருளில்லாத பெண்களை யார் மணம் முடிப்பார்கள் என்று கேட்டார். இதில் அல்லாஹ் தீர்ப்பளிப்பான் என்றார்கள் நபியவர்கள். அதன் பின்பே ‘அந்நிஸா’ அத்தியாயத்தின் வாரிசுரிமை வசனம் இறங்கியது. நபியவர்கள் அந்தச் சகோதரரை வரவழைத்தார்கள். இரண்டு பெண்மக்களுக்கும் மூன்றில் இரண்டு பங்கு, அவர்களின் தாய்க்கு எட்டில் ஒரு பங்கு, மீதம் உமக்கு என்று தீர்ப்பளித்தார்கள். சொத்தை 24 பங்காக்கினால் பெண்மக்களுக்கு 16, மனைவிக்கு 3, எல்லாவற்றையும் வாரிக்கொண்ட சகோதரருக்கு 5. திர்மிதீ, அபூதாவூத் ஆகிய நூல்களில் இச்செய்தி பதிவாகியுள்ளது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்தப் பெண்மணி கேட்டார். வெட்கப்பட்டு வீட்டிலேயே அமர்ந்துவிடவில்லை. கேட்டதற்காக அவரை யாரும் பேராசைக்காரி என்று ஏசவுமில்லை.

மதரஸாவில் ஃபராயிள் பாடம் நடத்தும்போது எங்கள் உஸ்தாதுமார்கள் ஒன்றைச் சொல்வார்கள். லுஹருக்கு எத்தனை ரக்அத் என்று குர்ஆனில் எண்ணிக்கை வரவில்லை. அதை நபிமொழியிலிருந்துதான் அறிகிறோம். ஆனால் மகளுக்கு எவ்வளவு, மனைவிக்கு எவ்வளவு, தாய்க்கு எவ்வளவு என்பதைப் பாதி, கால், எட்டில் ஒன்று, ஆறில் ஒன்று என்று அல்லாஹ்வே பின்னக் கணக்காக இறக்கிவிட்டான். அதற்கு அடுத்த வசனங்களிலேயே இவை தன்னுடைய எல்லைகள் என்றும், மீறுபவனுக்கு நெருப்பு என்றும் எச்சரிக்கிறான். லுஹரில் ஒரு ரக்அத்தைக் குறைத்துத் தொழ நமக்குத் துணிவு வராது. இந்தக் கணக்கில் மட்டும் கை எப்படித் தாராளமாகக் குறைக்கிறது?

இது இன்று தொடங்கிய நோயன்று. 1847இல் பம்பாயில் ஒரு வழக்கு நடந்தது. சட்டம் படிப்பவர்கள் அதை ‘கோஜா, மேமன் வழக்கு’ என்பார்கள். அந்த வணிகச் சமூகங்களைச் சேர்ந்த பெண்மக்கள், தங்கள் தந்தையரின் சொத்தில் குர்ஆன் சொன்ன பங்கைக் கேட்டு நீதிமன்றம் சென்றார்கள். எதிர்த்தரப்பு என்ன சொல்லியது தெரியுமா? எங்கள் வழக்கப்படி பெண்களுக்குச் சொத்து இல்லை என்றது. முஸ்லிம் சமூகத்தின் பெரியவர்களே அதற்குச் சாட்சியாக நின்றார்கள். நீதிபதி எர்ஸ்கின் பெர்ரி என்ற ஆங்கிலேயர், வழக்கமே செல்லும் என்று தீர்ப்பளித்துவிட்டார். பெண்கள் தோற்றுப்போனார்கள். குர்ஆனைக் கையில் ஏந்தி வந்தவர்கள் பெண்கள்; வழக்கத்தைப் பிடித்துக்கொண்டவர்கள் அதே குர்ஆனை ஓதும் ஆண்கள். இந்த ஒரு காட்சியை நினைத்து நான் பலமுறை வெட்கப்பட்டிருக்கிறேன்.

பஞ்சாபிலும் இதே நிலைதான். 1872ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே ஊர்வழக்கத்தை முன்னால் வைத்தது. முஸ்லிம் விவசாயக் குடும்பங்களில் மகள்களுக்கு நிலம் இல்லாமல் போனது. இந்தக் கேட்டை நீக்கத்தான் 1937இல் ஷரீஅத் சட்டம் வந்தது. அந்த மசோதாவின் நோக்க உரையிலேயே, வழக்கச் சட்டம் தங்கள் உரிமையைப் பறிக்கிறது என்று முஸ்லிம் பெண்கள் அமைப்புகள் கண்டித்திருப்பது எடுத்துச் சொல்லப்பட்டிருக்கிறது. ஆயினும் விளைநிலத்திற்கு அதில் விலக்கு அளித்தார்கள். நிலம் மாகாணங்களின் அதிகாரத்தில் இருந்தது என்பது சட்டக் காரணம். நிலக்கிழார்களுக்கு அது வசதியாகவும் அமைந்தது. சொத்தென்றாலே நிலம் என்றிருந்த காலத்தில் நிலத்தை விலக்கினால் மிஞ்சுவது எவ்வளவு? நம் சென்னை மாகாணம் 1949இல் திருத்தம் செய்து, அந்த விலக்கை நீக்கியது. ஆகவே தமிழகத்து முஸ்லிமுக்கு, வயலில் மகளுக்குப் பங்கில்லை என்று சொல்லச் சட்டத்திலும் இடமில்லை, மார்க்கத்திலும் இடமில்லை.

பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் நடப்பதைக் கேட்டால் உள்ளம் நடுங்கும். பெரும் நிலக்கிழார் குடும்பங்கள் சிலவற்றில், மகளை வெளியே மணமுடித்தால் அவளுடைய பங்கு நிலமும் வெளியே போய்விடுமே என்று அஞ்சி, அந்தப் பெண்ணுக்குக் குர்ஆனையே ‘கணவனாக’ மணமுடித்துவைக்கும் கொடுமை இருந்து வந்திருக்கிறது. அவள் வாழ்நாள் முழுவதும் கன்னியாக வீட்டுக்குள் கிடக்க வேண்டும். பெண்ணுக்குப் பங்கு கொடு என்று சொன்ன வேதத்தையே அவள் பங்கைப் பறிக்கும் கருவியாக்கினார்கள்! 2011இல் அந்நாட்டு நாடாளுமன்றம் இதனைக் குற்றமாக்கியது. ஏமாற்றியோ சட்டத்துக்குப் புறம்பாகவோ பெண்ணின் வாரிசுப் பங்கைப் பறிப்பவருக்கு 5 முதல் 10 ஆண்டுகள் வரை சிறை, அல்லது 10 லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று எழுதிவைத்தது. இஸ்லாமியக் குடியரசு என்று பெயர் வைத்துக்கொண்ட நாட்டில் இப்படியொரு சட்டம் தேவைப்பட்டிருக்கிறது.

மற்றவர்களின் வரலாற்றை நாம் மேடைகளில் நன்றாகவே சொல்வோம். இங்கிலாந்தில் மணமான பெண் தன் பெயரில் சொத்தை முழு உரிமையோடு வைத்துக்கொள்ள 1882 வரை காத்திருந்தாள். கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவப் பெண்களுக்கு மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986இல் தீர்ப்பளித்த பிறகே சம பங்கு கிடைத்தது. இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை என்பது தமிழகத்தில் 1989இலும் நாடு முழுமைக்கும் 2005இலும் வந்தது. இவற்றையெல்லாம் அடுக்கிவிட்டு, நாங்கள் 1400 ஆண்டுகளுக்கு முன்பே கொடுத்துவிட்டோம் என்று மார்தட்டுகிறோம். கொடுத்தவன் அல்லாஹ். நாம் கொடுத்தோமா என்பதுதான் கேள்வி.

சகோதரர்களே! நம் வீடுகளுக்கு வருவோம். தகப்பனார் மவுத்தாகி நாற்பது நாள் முடிவதற்குள், ஃபாத்திஹா சாப்பாட்டு ஸஹன்களைக் கழுவிக் கவிழ்ப்பதற்குள், ஒரு தாள் வருகிறது. விடுதலைப் பத்திரம். என் பங்கை என் சகோதரர்களுக்கு மனமுவந்து விட்டுக்கொடுக்கிறேன் என்று அதில் எழுதியிருக்கும். சொத்தின் மதிப்பு என்ன, தன் பங்கு எவ்வளவு என்று அந்தப் பெண்ணிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். “ஒரு கையெழுத்துதாம்மா, சும்மா ஒரு சம்பிரதாயம்” என்பார்கள். அவளும் போடுவாள்.

வாரிசுதாரர் ஒருவர் தம் பங்கை விட்டுக்கொடுக்க ஷரீஅத்தில் வழியுண்டு; ஒரு பொருளைப் பெற்றுக்கொண்டு விலகுவதற்குத் ‘தகாருஜ்’ என்றே தனிப் பாடம் உண்டு. ஆனால் விட்டுக்கொடுப்பவர் தாம் எதை விடுகிறோம் என்பதை அறிந்திருக்க வேண்டும். மனம் விரும்பி விட வேண்டும். மனவிருப்பமின்றி ஒரு முஸ்லிமின் பொருள் மற்றவருக்கு ஹலாலாகாது என்பது நபிமொழி. வெட்கத்தால் வாய் மூடியவரிடமிருந்து வாங்கியதும் பறித்ததைப் போன்றதே என்று நம் இமாம்கள் எழுதியிருக்கிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சகோதரி என் மனைவி மூலமாக என்னிடம் ஒரு மஸ்அலா கேட்டு அனுப்பினார். பங்கு எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை. “வாப்பா சொத்தில் பங்கு கேட்பது பாவமா?” என்பதே கேள்வி. அண்ணன்மார் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். பாவமில்லை, அது உங்கள் ஹக்கு என்று பதில் அனுப்பினேன். அவர் மறுபடியும் சொல்லியனுப்பினார்: “கேட்டால் பெருநாளைக்கு என் வீட்டு வாசலை மிதிக்க மாட்டோம் என்கிறார்கள். நாளை என் மாப்பிள்ளை வீட்டில் ஒரு பிரச்சினை என்றால் நான் எங்கே போவேன்?” இதற்கு எந்த கிதாபைப் புரட்டிப் பதில் சொல்வது? இந்த அச்சத்தில்தான் இலட்சக்கணக்கான பெண்கள் கையெழுத்திடுகிறார்கள். தெற்காசியாவில் பெண்களின் நில உரிமையை ஆராய்ந்து 1994இல் நூல் வெளியிட்ட பொருளியல் அறிஞர் பினா அகர்வாலும் இதையே கண்டார். பிறந்த வீட்டுக் கதவு மூடிவிடக் கூடாதே என்பதற்காகப் பெண்கள் நிலத்தை விட்டுக்கொடுக்கிறார்கள் என்று அவர் எழுதினார். எல்லாச் சமயத்துப் பெண்களுக்கும் இது பொதுவான நிலை. பங்கைக் கொடுத்தால்தான் உறவு என்று சொல்பவன் உறவை விற்பவன். இரத்த உறவைத் துண்டிப்பவனுக்குச் சொர்க்கமில்லை என்ற நபிமொழி அந்த அண்ணன்மாருக்கும் சேர்த்துத்தான்.

“கல்யாணத்துக்கு நகை போட்டோமே, சீர் செய்தோமே” என்பது அடுத்த வாதம். வாரிசுரிமை மவுத்துக்குப் பிறகே உண்டாகிறது. தகப்பனார் உயிரோடிருக்கும்போது செய்தது அன்பளிப்பு. அதனால் வாரிசுப் பங்கு தீராது. மாப்பிள்ளை வீட்டார் கேட்டு வாங்கிய கைக்கூலியோ, அந்தப் பெண்ணின் கைக்கே வராத பணம். அதை அவள் கணக்கில் எழுதுவது எந்த நியாயம்? மகனைச் சவூதிக்கு அனுப்ப விசாவுக்குக் கொடுத்த தொகையையும், அவன் கல்லூரிக்குக் கட்டிய பணத்தையும் யாராவது அவன் பங்கில் கழித்ததுண்டா?

வேறு சில தகப்பன்மார்கள் இன்னும் விவரமானவர்கள். உயிரோடிருக்கும்போதே வீட்டையும் கடையையும் ஆண்மக்கள் பெயருக்கு ஹிபாவாக, செட்டில்மென்டாக எழுதிவிடுவார்கள். பிறகு வாரிசுக் கணக்குப் போட என்ன இருக்கிறது? நுஅமான் பின் பஷீர் (ரலி) சிறுவராக இருந்தபோது அவருடைய தந்தை அவருக்கு ஓர் அன்பளிப்பு வழங்கி, அதற்கு நபியவர்களைச் சாட்சியாக்க வந்தார். உம்முடைய பிள்ளைகள் எல்லோருக்கும் இதைப் போலக் கொடுத்தீரா என்று கேட்டார்கள். இல்லை என்றார். அநீதிக்கு நான் சாட்சியாக மாட்டேன் என்று மறுத்துவிட்டார்கள். புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உள்ள ஹதீஸ் இது. இன்று அத்தகைய பத்திரங்களுக்குச் சாட்சிக் கையெழுத்திடும் ஜமாஅத் பெரியவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். (காயல்பட்டினம் போன்ற ஊர்களில் வீட்டைப் பெண்மக்களுக்கே கொடுக்கும் வழக்கம் இருப்பதை நான் அறிவேன். பெண்ணுக்குத் தலைக்கு மேல் கூரை நிற்கும் அந்த நல்ல நோக்கத்தை மதிக்கிறேன். ஆனால் மாப்பிள்ளை வீட்டார் அதை நிபந்தனையாக்கினால் அதுவும் கைக்கூலியே.)

ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று ஏன் என்று மாற்றுச் சமயத்தவர் கேட்கும்போது, குடும்பச் செலவு முழுவதும் ஆண் மீது கடமை, பெண்ணின் பொருள் அவளுக்கே சொந்தம் என்று விளக்குகிறோம். சரியான விளக்கம்தான். அப்படியானால் அந்த இரட்டைப் பங்கு கடமையோடு வந்தது. கணவனை இழந்து பிள்ளைகளோடு வாடகை வீட்டில் வாடும் தங்கையை எட்டிப் பார்க்காதவன், இரண்டு பங்கையும் தின்று, அவளுடைய ஒரு பங்கையும் சேர்த்துத் தின்றால், அந்த விளக்கத்தை எந்த முகத்தோடு நாங்கள் மேடையில் சொல்வது?

கணக்கு ஒன்றும் மலையன்று. மய்யித்தின் அடக்கச் செலவு, பிறகு கடன், பிறகு மூன்றில் ஒன்றுக்கு மிகாத வஸிய்யத் ஆகியவற்றைக் கழித்துவிட வேண்டும். மனைவிக்குக் கொடுக்காமல் விட்ட மஹரும் கடனே. அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மீதம் 32 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பெற்றோர் உயிரோடில்லை, மனைவியும் ஒரு மகனும் இரண்டு மகள்களும் இருக்கிறார்கள். மனைவிக்கு எட்டில் ஒன்று, 4 லட்சம். மீதி 28 லட்சத்தில் மகனுக்கு 14, மகள்களுக்குத் தலா 7. தாய்க்கு 4 லட்சம் உண்டு என்பது எத்தனை வீட்டில் அந்தத் தாய்க்கே தெரியும்?

“ஹஜ்ரத், வாப்பா மவுத்தாகி இருபது வருடம் ஆகிவிட்டது, அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டார், இனி யாரிடம் கொடுப்பது?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அக்காவின் ஹக்கு அவரோடு கப்ருக்குள் போய்விடவில்லை. அது அவருடைய பிள்ளைகளுக்கும் மற்ற வாரிசுகளுக்கும் உரியது. வீட்டை விற்க முடியாதென்றால் அவர்கள் பங்கின் இன்றைய மதிப்பைப் பேசித் தவணையில் கொடுக்கலாம். வாடகை வருகிறதென்றால் அதில் அவர்கள் பங்கைப் பிரித்துத் தரலாம். அவர்கள் முழுக் கணக்கையும் கேட்டறிந்த பிறகு, வேண்டாம் என்று மனதாரச் சொன்னால் அது வேறு. ஆனால் கணக்கை முதலில் காட்டுங்கள். உங்கள் ஊர் இமாமிடம் சொத்தின் பத்திரங்களையும், வாரிசுகளின் பெயர்களையும், எழுத வேண்டிய கடன்களையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு செல்லுங்கள். அரை மணி நேர வேலைதான்.